பெயர் விழும் இடம்

சென்ற வருஷம் ஐப்பசி மழையில், ராயபுரத்தில் ஒரு வீட்டு முன்னறையில் ஏழெட்டுப் பேர் ஒரு பழைய டேப் ரிக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஒரு செருப்புப் பெட்டி. அதில் முப்பத்தோரு காஸெட்டுகள். அத்தனையும் மரண கானா. பெட்டிக்குச் சொந்தக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்றவர். இறந்து எட்டு மாதமாகியிருந்தது. எண்பதுகளின் நடுவிலிருந்து பத்துப் பன்னிரண்டு வருஷம், தெரிந்த தெருக்களில் சாவு விழுந்தபோதெல்லாம் தன்னுடைய டூ-இன்-ஒன்னைத் தூக்கிக்கொண்டு போய், பாடுகிறவர் காலடியில் வைத்துவிட்டு, விடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய மகன் எங்கள் கிளையில் கணக்கு வைத்திருப்பவர். அப்பாவின் கணக்கை முடிக்க வந்தவர் பேச்சுவாக்கில் பெட்டியைப் பற்றிச் சொன்னார். இவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, தேர்ந்தெடுத்து, ஒரு தொகுப்பாக வெளியிடவேண்டுமென்று என்னோடு வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் ஆசைப்பட்டார். அதற்காகத்தான் கூடியிருந்தோம்.

முதல் காஸெட் ஓட ஆரம்பித்ததுமே அபிப்ராயங்களும் ஆரம்பித்துவிட்டன. ஒரு காலத்தில் டோலக் வாசித்த பெரியவர், பாடுகிறவர் யாரென்று முதல் இருமலிலேயே அடையாளம் சொன்னவர், கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, 'பாட்டு இதான் சார். ஆனா அந்த ராத்திரி இதுல இல்ல' என்றார். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், சினிமா கை வைப்பதற்கு முந்தைய அசல் கானா இதுதான், ஒரு எழுத்து மாற்றாமல் அச்சிலும் கொண்டுவர வேண்டும் என்றார். என் இளைய சகாவுக்கு ஒலி உறுத்தியது: நாய் குரைக்கிறது, நாற்காலி இழுபடுகிறது, உள்ளே பெண்கள் அழுகிறார்கள், நடுவில் யாரோ டீ கேட்கிறார்கள். இதையெல்லாம் கழித்துவிட்டுப் பாட்டை மட்டும் பிரித்தெடுக்க இப்போது வசதிகள் இருக்கின்றன என்றார். மகன் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பாட்டுகளுக்கு நடுவே அப்பா தொண்டையைக் கனைக்கும் சத்தம் வரும் இடத்தில் மட்டும் நிறுத்தித் திருப்பிப் போட்டார்.

இவற்றை விமர்சனம் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கில்லை. கவிதையைப் பற்றிப் பேச நம்மிடம் ஒரு பாஷை இருக்கிறது. கச்சேரியைப் பற்றிப் பேச வேறொன்று இருக்கிறது. கானாவின் முன்னால் இரண்டும் விழிக்கின்றன. சங்கீத விமர்சகருக்கு அது சங்கீதமில்லை; இலக்கிய விமர்சகருக்கு அது சினிமாவின் ஒரு கிளைச் சமாசாரம். ஆராய்ச்சியாளருக்கு மட்டும் அது தரவு. கேட்டவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு போவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. பாங்கு குமாஸ்தாவுக்கு அதற்கு வசதியும் உண்டு. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களில் பெரும்பாலோர் எப்போதாவது ஒரு சாவு வீட்டில் விடிய விடிய உட்கார்ந்து இதைக் கேட்டவர்கள்தான்.

வடசென்னையை அறியாத வாசகருக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சினிமாவில் நாயகனும் அவன் கூட்டாளிகளும் சாராயக்கடையில் ஆடும் பாட்டை மட்டும் கானா என்று நினைத்திருப்பவர் அதன் ஒரு பகுதியைத்தான் அறிவார். காதல், கேலி, மீனும் மீனும் சம்பந்தம் பேசுவது, ஜெயில், குடி எல்லாவற்றுக்கும் கானா உண்டு. ஆனால் அதன் ஈரல் மரண கானாதான். சாவு விழுந்த வீட்டில், அடக்கத்துக்கு முந்தைய ராத்திரி, பந்தலுக்குக் கீழே பாடுவது. பதினாறாம் நாள் காரியத்திலும் வருஷ நினைவிலும்கூடப் பாடுவார்கள். ஆர்மோனியமும் டோலக்கும் இருந்தால் சரி, புல்புல்தாரா இருந்தால் விசேஷம். ஒன்றுமில்லாவிட்டால் மேசை, தகரடப்பா, தீப்பெட்டி. திருவொற்றியூரில் விம்கோ கம்பெனி செய்த தீப்பெட்டி, அந்தக் கம்பெனிக்கு உழைத்த கைகளிலேயே தாளவாத்தியமாகவும் ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும். ஆதாரம் கேட்கக்கூடாது.

ஒப்பாரி பெண்களுடையது. மரண கானாவைப் பெரும்பாலும் ஆண்களே பாடிவந்திருக்கிறார்கள். இந்தப் பிரிவினை முக்கியமானது. ஒப்பாரியில் பெண் தன் துக்கத்தைத் தானே அழுகிறாள். அழக்கூடாதென்று வளர்க்கப்பட்ட ஆண், தனக்காக அழ இன்னொருவனைக் கூப்பிடுகிறான். கூப்பிடப்பட்டவன் மெட்டைப் பெரும்பாலும் எங்கிருந்தாவது எடுத்துக்கொள்கிறான். பழைய சினிமா மெட்டாகவே இருக்கும். வரிகளிலும் பாதி பொதுச் சொத்து: உடம்பு ஒரு ஓட்டை, வந்தவன் போகவேண்டும், கூட வருவது ஒன்றுமில்லை. பொதுவாக இருக்க முடியாதது ஒன்றுதான். ஒவ்வொரு சில அடிகளுக்கும் ஒரு முறை, பாட்டு ஒரு இடத்தில் வந்து நிற்கும். அந்த இடத்தில் இறந்தவருடைய பெயர் விழும். பிறகு அவர் பெண்டாட்டி பெயர், பிள்ளைகள் பெயர், தெரு, செய்த வேலை, பழகிய டீக்கடை. சாயங்காலம் வந்தவுடன் பாடகர் உறவினர் ஒருவரைத் தனியே அழைத்துப் போய் இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வார். ராத்திரி பதினோரு மணிக்கு அந்தப் பெயர் முதல் தடவையாக மெட்டில் ஏறி வந்து விழும்போது பந்தலில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அதுவரை பீடி குடித்துக்கொண்டு சாய்ந்திருந்த ஆண்கள் உடைவார்கள்.

இந்தப் பாட்டின் சரித்திரத்தை எழுத முயன்றவர்கள் சித்தர்களில் ஆரம்பிப்பது வழக்கம். கொஞ்சம் சௌகரியமான வம்சாவளி. ஆனால் பூகோளம் அதற்கு ஒத்துழைக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். உடம்பின் அநித்தியத்தைத் தமிழில் மிகக் கொடூரமாகப் பாடிய பட்டினத்தாரின் சமாதி திருவொற்றியூரில் கடலோரம் இருக்கிறது. 1838இல் இறந்த குணங்குடி மஸ்தான் சாகிபு அடங்கியிருப்பது தொண்டையார்பேட்டையில். இரண்டுக்கும் நடுவே சில மைல் தூரம்தான். அந்தச் சில மைல்தான் மரண கானாவின் பிரதேசமும். அதே திருவொற்றியூருக்குத் தியாகராஜரும் வந்திருக்கிறார். திரிபுரசுந்தரிமீது அவர் பாடிய ஐந்து கீர்த்தனைகளும், சீடர், சீடரின் சீடர் என்று கைமாறி, ஸ்வரப்படுத்தப்பட்டு, இன்று சபாக்களில் பாடப்படுகின்றன. அந்தக் கோயிலைச் சுற்றியிருந்த குப்பங்களிலும் சேரிகளிலும் அதே வருஷத்தில் சாவு விழுந்த ராத்திரிகளில் என்ன பாடினார்கள் என்பதற்கு ஒரு வரிகூட மிஞ்சவில்லை. பாட்டு மோசமாக இருந்ததால் மிஞ்சவில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இப்போது நாம் கேட்கும் கானாவை உருவாக்கியது நகரம்தான். 1856இல் ராயபுரத்திலிருந்து முதல் ரயில் புறப்பட்டது. 1870களில் செயற்கைத் துறைமுகத்துக்குக் கல் கொட்ட ஆரம்பித்தார்கள். பெரம்பூரில் பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைகள், பிறகு தீப்பெட்டி, சுதந்திரத்துக்குப் பின் எண்ணூரில் லாரி, திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள், 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம். செங்கல்பட்டிலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் பிழைக்க வந்தவர்கள், பெரும்பாலும் தலித்துகள், இந்த வரிசையின் நிழலில் குடிசை போட்டார்கள். தமிழும் தெலுங்கும் உருதுவும் இங்கிலீஷும் கலந்து ஒரு பேச்சு உண்டாயிற்று. அந்தப் பேச்சுக்கு ஒரு பாட்டும் உண்டாயிற்று. பெயர்கூட ஹிந்தியில் பாட்டைக் குறிக்கும் பொதுச்சொல்தான் என்பார்கள். தமிழ்க் 'கான'த்திலிருந்து வந்தது என்று வாதிடுகிறவர்களும் உண்டு. எப்படியிருந்தாலும் அது பாட்டுக்குப் 'பாட்டு' என்று வைத்த பெயர். தனக்கென்று ஒரு விசேஷப் பெயர் வேண்டுமென்று அதற்குத் தோன்றவில்லை.

அச்சில் அதற்குப் பக்கத்துவீட்டுக்காரன் ஒருவன் இருந்தான்: குஜிலிப் பாட்டு. பார்க் டவுன் குஜிலி பஜாரில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற சிறு புத்தகங்கள். கொலை, ரயில் விபத்து, வெள்ளம், தூக்கு எல்லாம் சிந்தாகவும் கும்மியாகவும் வந்தன. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'முச்சந்தி இலக்கியம்' 2004இல் இந்த உலகத்தை நமக்குத் திரும்பத் திறந்து காட்டியது. அதைப் படிக்கும்போது எனக்குப் பொறாமையாக இருந்தது. குஜிலிப் பாட்டு கெட்ட காகிதத்திலாவது அச்சேறியது. மரண கானாவை அச்சடித்து என்ன பண்ணுவது? ஒரு மனிதன் ஒரு தரம்தான் சாகிறான். அவன் பெயர் போட்ட பாட்டை மறுநாள் யார் வாங்குவார்கள்?

நாட்டுப்பாடல் சேகரித்தவர்களும் இந்தப் பக்கம் வரவில்லை. பெர்ஸி மாக்வீன் என்ற கலெக்டர் சேர்த்த பாடல்களை கி. வா. ஜகந்நாதன் 1958இல் 'மலையருவி' என்று பதிப்பித்தார். நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' 1964இல் வந்தது. இரண்டும் பெரிய காரியங்கள். ஆனால் மலை, அருவி, நாடு என்று இந்தப் பெயர்களைப் பாருங்கள். நாட்டுப்பாடல் என்ற கருத்தே வயல்வரப்பில் நின்றுகொண்டு உண்டாக்கப்பட்டது. கிரேனுக்கு அடியில் பாடுகிறவன் ஏற்கனவே நாட்டுப்புறத்தை விட்டு வெளியேறியவன். அவன் பாடுவது சீரழிந்தது, கலப்படமானது, சினிமா மெட்டு. 1930இல் கார்ப்பரேஷன் ரேடியோவும் 1938இல் அகில இந்திய ரேடியோவும் சென்னைக்கு வந்தபோது, அவை எந்தத் தெருக்களின் காதுகளுக்காக வந்தன என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே காஸெட் வரும்வரை கானா கேட்டவர் ஞாபகத்தில் மட்டும் இருந்தது. 1969இல் பர்மா அகதிகளுக்காகத் துறைமுகத்துக்கு எதிரே உண்டான பர்மா பஜாரில் எழுபதுகளின் இறுதியில் ஜப்பான் டேப் ரிக்கார்டர்கள் குவிந்தன. வளைகுடாவுக்குப் போனவர்கள் கொண்டுவந்தார்கள். எண்பதுகளில் காஸெட் விலை ஒரு கூலிக்காரர் யோசித்து வாங்கக்கூடிய அளவுக்கு இறங்கியது. கிராமபோன் தட்டுக்குக் கம்பெனி வேண்டும்; காஸெட்டுக்கு ஒரு விரல் போதும். வட இந்தியாவில் இது என்ன செய்தது என்பதைப் பற்றிப் பீட்டர் மானுவல் 1993இல் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். வடசென்னையில் என்ன செய்தது என்பதற்கு அந்தச் செருப்புப் பெட்டிதான் புத்தகம். அவர் ஒன்றும் 'ஆவணப்படுத்தல்' செய்யவில்லை; அந்த வார்த்தை அப்போது யார் வாயிலும் இல்லை. ராத்திரியை மறுபடி ஒரு தரம் கேட்க ஆசைப்பட்டார். 1983இல் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் வந்து, மூட்டை தூக்கும் கோஷ்டிகளுக்கு வேலை சுருங்கத் தொடங்கியிருந்த காலம் அது. முதுகு ஓய்ந்தபோது காது விழித்திருக்கலாம்.

சினிமாவைப் பற்றி நீட்டவேண்டாம். அதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். சந்திரபாபு மெட்ராஸ் பாஷையைத் திரையில் பிரபலமாக்கினார். அவர் பிறந்தது தூத்துக்குடியில் என்பது ஒரு வேடிக்கை. தொண்ணூறுகளில் தேவா கானாவை ஒரு வியாபாரச் சரக்காகவே ஸ்தாபித்தார்; 'காதல் கோட்டை' (1996) ஞாபகம் இருக்கும். 'சித்திரம் பேசுதடி' (2006) கானா உலகநாதனையும், 'அட்டகத்தி' (2012) கானா பாலாவையும் தமிழ்நாடு முழுவதும் கொண்டுபோயின. 'மெட்ராஸ்' (2014) சாவு வீட்டுப் பாட்டையே திரைக்குக் கொண்டுவந்தது. அதில் இறந்தவன் பாத்திரம். ஆனால் தியேட்டரில் என் பக்கத்தில் இருந்தவர் அழுதார். யாருக்காக அழுதாரோ, அவருக்குத்தான் தெரியும். கெட்டுவிட்டது, கெடவில்லை என்ற வாதத்தில் எனக்குச் சுவாரஸ்யமில்லை. சினிமா மெட்டை எடுத்துக்கொண்டு வளர்ந்த பாட்டைச் சினிமா திருப்பி எடுத்துக்கொண்டது, கொடுக்கல் வாங்கல். வட்டி யாருக்குப் போயிற்று என்று கேட்டால் அது வேறு கணக்கு.

இந்த இடத்தில் சம்பந்தமில்லாததுபோலத் தோன்றும் ஒன்றைச் சொல்லவேண்டும். என் இளைய சகா ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டின்போது காதில் செருகிக் கேட்கவைத்தது: 'ரைட்ஸ் ஆஃப் ஸ்ப்ரிங்' என்று வாஷிங்டனில் எண்பதுகளில் இருந்த ஒரு வாத்தியக் கோஷ்டி. பெயரைக் கேட்டதும் ஸ்ட்ராவின்ஸ்கி ஞாபகம் வந்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். வந்தது பங்க், ஒரே இரைச்சல். ஆனால் அந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு பையன் தொண்டை கிழிய அழுதுகொண்டிருந்தான். கய் பிச்சியாட்டோ என்பது அவன் பெயர். அந்த ஊரில் அப்போது பங்க் என்றால் ஆண்பிள்ளைத்தனம், மேடைக்குக் கீழே அடிதடி. இவர்கள் அதே வேகத்தில், அதே இரைச்சலில், இழந்ததைப் பற்றிப் பாடினார்கள். 1985இல் டிஸ்கார்ட் என்ற சிறு கம்பெனி ஒரு தட்டு வெளியிட்டது. இருபதைத் தாண்டாத கச்சேரிகள். 1986 தொடக்கத்தில் கலைந்துவிட்டார்கள். 1987இல் எஞ்சிய சில பாட்டுகள் ஒரு சிறு தட்டாக வந்தன. 1991இல் எல்லாவற்றையும் சேர்த்து 'எண்ட் ஆன் எண்ட்' என்று ஒரே குறுந்தகடாகத் தொகுத்தார்கள். இப்படிப்பட்ட பாட்டுக்குப் பத்திரிகைகள் 'எமோ' என்று பெயர் சூட்டின. பாடியவர்கள் அந்தப் பெயரை வெறுத்தார்கள். டிஸ்கார்டை நடத்திய இயன் மக்காய் மேடையிலேயே அதைக் கேலி செய்திருக்கிறார்.

எனக்கு அந்தப் பாட்டைவிட, அந்தத் தொகுப்பைப் பற்றி அதைக் கேட்டவர்கள் இன்றுவரை போட்டுக்கொண்டிருக்கும் சண்டைதான் பரிச்சயமானதாகத் தெரிந்தது. நேரில் கேட்ட ஒரு சிலர், அந்த அறைகளில் நடந்ததற்கும் தட்டில் இருப்பதற்கும் சம்பந்தமில்லை என்கிறார்கள். ஆண்கள் கூட்டமாக அழுத அறைகள் அவை. அப்போது பிறந்தேயிராதவர்கள், எங்களுக்குத் தட்டுதான் அறை, எங்கள் படுக்கையறையில் அது நடந்தது என்கிறார்கள். இன்னும் சிலருக்கு 1984இல் முதன்முதலாகப் பதிவு செய்து 2012இல்தான் வெளியான ஆறு பாட்டு மாதிரிப் பதிவு மேல்: அது இன்னும் கரடுமுரடு, ஆகவே இன்னும் உண்மை. எங்கள் டோலக் பெரியவரும் ஆசிரியரும் என் சகாவும் ராயபுரத்து முன்னறையில் ஏந்திய கட்சிகள்தான் இவை. சமுத்திரத்துக்கு இரு கரையிலும், அழுகையை மானக்குறைவாக நினைக்கும் ஆண்கள், அழுவதற்கென்று ஒரு இரைச்சலைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அது பெட்டிக்குள் வந்தவுடன் இது அதுதானா என்று சந்தேகப்படுகிறார்கள்.

ஒப்புமை இதோடு நிற்கிறது. இதை வற்புறுத்திச் சொல்லவேண்டும். என் சகா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. வாஷிங்டன் பையன் பாடும் 'நீ' யாராகவும் இருக்கலாம். நவீன கவிதையின் 'நீ'யைப்போல. கேட்பவன் அந்தக் காலி இடத்தில் தன்னுடைய ஆளை வைத்துக்கொள்கிறான். அதனால்தான் நாற்பது வருஷம் கழித்து எண்ணூர் ஹைரோட்டில் ஒரு பாங்கு ஊழியன் அதைக் கேட்டு உருக முடிகிறது. மரண கானாவில் அந்த இடம் காலியாக இல்லை. அங்கே ஒரு பெயர் இருக்கிறது. பெயரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பழைய சினிமா மெட்டும் பொதுவான வேதாந்தமும். வைத்துக்கொண்டால், நான் அறியாத ஒருவருடைய சாவை நான் ஏன் என் ஓய்வுநேரத்தில் ரசிக்கிறேன் என்ற கேள்வி வருகிறது. தொகுப்பாளன் இரண்டில் ஒன்றைச் செய்தாகவேண்டும். இரண்டும் ஒருவகையில் திருட்டு.

டி. எஸ். எலியட் ஒரு பாடகியின் சாவைப் பற்றி எழுதியிருக்கிறார். மேரி லாய்ட் என்ற மியூஸிக் ஹால் பாடகி 1922 அக்டோபரில் இறந்தாள். 'பாழ்நிலம்' அச்சில் வந்த அதே மாதம். அந்தக் கவிதையின் முதல் பகுதிக்கே இறந்தோர் அடக்கம் என்றுதான் தலைப்பு என்பதைப் பி.ஏ. படித்த எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். மேரி லாய்டைப் பற்றிய கட்டுரையை எங்கள் பாடத்தில் யாரும் வைக்கவில்லை. அதில் எலியட் சொல்வது நேரான விஷயம். மியூஸிக் ஹாலுக்குப் போய்க் கோரஸில் சேர்ந்து பாடிய தொழிலாளி கலையில் பாதியைத் தானே செய்தான். சினிமாவும் கிராமபோனும் வந்தபின் அவன் வெறுமனே வாங்கிக்கொள்கிறவனாகிவிடுவான். பழமைவாதியின் பயம்தான். தொழிலாளி வர்க்கத்தின்மேல் எலியட்டுக்கு திடீரென்று வந்த பாசத்தை நான் அப்படியே நம்பவுமில்லை. ஆனால் கலையில் பாதி கேட்பவனுடையது என்ற கணக்கை மரண கானாவைவிடத் துல்லியமாக நிரூபிக்கும் வேறொன்றை நான் பார்த்ததில்லை. பெயரையும் தெருவையும் கொடுப்பது கேட்பவன். அவன் கொடுக்காவிட்டால் பாடகனிடம் பாட்டே இல்லை. (இங்கே பெஞ்சமினை இழுத்துவரவேண்டும் என்று ஒரு நண்பர் சொன்னார். எல்லோரும் இழுத்தாகிவிட்டது, அவர் கொஞ்சம் இளைப்பாறட்டும்.)

கேட்பவர்களும் இப்போது இருந்த இடத்தில் இல்லை. 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள் ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை ஒலிபெருக்கியைத் தடைசெய்தன. மரண கானாவின் முழு ஆயுளும் அந்த எட்டு மணி நேரத்துக்குள்தான். அதே வருஷத்தில் நகரத்தின் தெற்கே கண்ணகி நகர் உண்டாகிக் கரையோரக் குடிசைகளை வாங்கிக்கொள்ள ஆரம்பித்தது. ராயபுரத்தில் ஒருவர் செத்தால் சொந்தக்காரர்கள் இரண்டு பஸ் மாறி வரவேண்டியிருக்கிறது. பெரம்பூர் ஆலைகள் 1996இல் மூடியாயிற்று; எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் நின்றது. பாட்டில் இறந்தவரின் வேலையைச் சொல்லும் இடத்தில் இன்று பாடகர் என்ன சொல்வார்? டெலிவரி என்கிறார்கள். மெட்டில் நன்றாகவே உட்காருகிறதாம்.

2018 ஜனவரி 6ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் தடவையாக மேடையேறியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த கோஷ்டி. பெயர் அயோத்திதாசரின் சிந்தனையிலிருந்து வந்தது. கானா பாடகர்கள் கிதாருக்கும் டிரம்ஸுக்கும் பக்கத்தில் சூட் போட்டுக்கொண்டு நின்றார்கள். நாலாயிரம் பேருக்கு மேல். சாவு வீட்டுக்கு வெளியே, சினிமாவுக்கும் வெளியே, கானா தன் பெயரில் நின்ற ராத்திரி அது. ராயபுரத்து இசைவாணி அந்தக் கோஷ்டியில் பாடினார். ஆண்கள் தங்களுடையதென்று வைத்திருந்த பாட்டை ஒரு பெண் வாங்கிக்கொண்டார். 2020இல் பி.பி.சி. அவரை உலகின் நூறு பெண்களில் ஒருவராகச் சேர்த்தது. எங்கள் டோலக் பெரியவர் இதைப் பற்றி என்ன நினைக்கிறாரென்று கேட்டேன். 'நல்லாத்தான் பாடுது அந்தப் பொண்ணு. கத்தட்டும், நாலு பேருக்குக் கேக்கட்டும்' என்றார். கொஞ்சம் பொறுத்து, 'ஆனா சார், அங்க யாரும் சாவலியே' என்றார். இதைக் குறையாகச் சொன்னாரா, நிம்மதியாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகவில்லை. ஒருவேளை மேடையில் விழும் பெயர் ஒரு ஜனக்கூட்டத்தின் பெயராக இருக்கலாம். அதற்கும் உடைகிறவர்கள் இருந்தார்கள். பெரியவர் பார்த்த உடைப்பு வேறு.

முன்னறைக்குத் திரும்புகிறேன். ஒன்பதாவது காஸெட் ஓடிக்கொண்டிருந்தபோது பக்கத்துப் போர்ஷன் அம்மாள் டீ கொண்டுவந்தார். அறுபது வயதிருக்கும். தட்டை வைத்துவிட்டுத் திரும்பினவர் வாசல்படியில் நின்றார். பாட்டு சுற்றி வந்து நிற்கும் இடத்தில் ஒரு பெயர் விழுந்தது. பிறகு தெரு. பிறகு ஒரு பெண்ணின் பெயர், தங்கச்சி என்று சொல்லி. அம்மாள் எங்களைப் பார்க்கவில்லை. டேப் ரிக்கார்டரைப் பார்த்து, 'அது நான்தான்' என்றார்.

யாரும் பேசவில்லை. என் சகா நிறுத்தப் போனார். பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பாட்டு முடிந்து, நாய் குரைத்து, யாரோ டீ கேட்டார்கள். அந்தக் குரலைக் கேட்டதும்தான் அம்மாள் அழ ஆரம்பித்தார். அது அவருடைய புருஷன் குரல். அவரும் போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறதாம். நாங்கள் கழித்துவிடலாமென்று குறித்துவைத்திருந்த சத்தங்களில் அதுவும் ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, 'யார கேட்டு இத்த எடுத்து வச்சிகினு இருக்கீங்க?' என்றார். கோபமாகத்தான் கேட்டார். பதில் சொல்லவேண்டிய மனிதர் சுவரில் மாலைக்குள் இருந்தார். மகன் எழுந்து, காஸெட்டை வெளியே எடுத்து, சுருண்டு நின்ற நாடாவை ஒரு பென்சிலால் சுற்றிச் சரிசெய்து, அவரிடம் கொடுத்தார். 'ஒங்கள்து தாம்மா. அப்பா பத்திரமா வச்சிருந்தாரு.'

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூடினோம். எதைச் சேர்ப்பது, எதைக் கழிப்பது என்ற பேச்சு எழவில்லை. பழைய லெட்ஜர் ஒன்று என்னிடம் இருந்தது. காஸெட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு, பெயர் விழும் இடம் வரும்போது நிறுத்தி, பெயரையும் தெருவையும் அதில் எழுதிக்கொண்டோம். சாயங்காலம்வரை பதினோரு பெயர் தேறியது. நான்கு தெருக்கள் இப்போது இல்லை. என் சகா எல்லாவற்றையும் நாயோடும் டீயோடும் அப்படியே ஏற்றிக்கொண்டிருக்கிறார். வெளியிடுவதைப் பற்றிக் கேட்டால், வீட்டு ஆட்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறார். பெட்டியில் இப்போது முப்பது காஸெட்டுகள் இருக்கின்றன.